காணாத மாணவர்க்குக் கற்பித்தல்: ஹெதர் கெல் அம்மையாரின் இசைப்பணி பற்றிய ஒரு மதிப்பீடு

வகுப்பறையிற் பாடம் நடத்துபவர் வாயினாற் பேசுகின்றார். ஆயினும் அவர் கற்பிப்பது பெரும்பாலும் கண்ணினாலேயாம். கடைசி வாங்கிலிருக்கும் மாணவனின் புருவம் சுருங்குவதைக் கண்டு, சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை இடையில் நிறுத்தி, வேறோர் உதாரணத்தை எடுத்துக் கூறுபவரையே நல்லாசிரியர் என்கின்றோம். அத்தகைய ஆசிரியர் ஒருவரின் கண்ணைக் கட்டி, ஒலிபரப்பு நிலையத்தின் சிறு அறையொன்றில் அமர்த்தி, எங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கற்பியும் என்றால் அவர் செய்வது என்ன? அதிலும், கற்பிக்கவேண்டியது கணக்கோ சரித்திரமோ அன்றிப் பிள்ளைகளின் கை கால் அசைவாக இருந்தால்? இவ்வினாவுக்கு ஏட்டளவில் விடை கூறாது, பல்லாண்டு உழைப்பினால் விடை கூறியவர்களுள் ஒருவர் அவுஸ்திரேலிய நாட்டு ஹெதர் கெல் அம்மையார். அவருடைய பணியைப் புகழ்ந்து விடுவது எளிது. அதனை நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்மையார் 1896ஆம் ஆண்டு தென் அவுஸ்திரேலியாவில் அடிலெயிட் நகர்ப்புறத்திற் பிறந்தவர். அந்நகரிலிருந்த பாலர் கல்வி ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரியிற் பயின்றவர். லிலியன் டி லிசா என்னும் பேரறிவுடைய அதிபரின் கீழ் அக்கல்லூரி பெற்றிருந்த பெயர் பெரிது. சிறு பிள்ளை விளையாட்டினூடாகவே கற்கின்றது என்னும் கொள்கை அங்கு வெறும் சுலோகமாக இருக்கவில்லை. அன்றாட நடைமுறையாக இருந்தது. அங்கு பெற்ற அடிப்படையோடு அம்மையார் இலண்டன் சென்று, 1921 முதல் 1923 வரை டால்குரோஸ் முறைப் பாடசாலையிற் கற்றார். நாடு திரும்பியபின் அடிலெயிட்டிற் சிறுவர்க்கும் ஆசிரிய மாணவியர்க்கும் அம்முறையைக் கற்பித்து வந்தார். 1936இல் தென் அவுஸ்திரேலியாவின் நூற்றாண்டு விழாவின்போது எலினர் வோக்கர் எழுதிய ‘மரபுரிமை’ என்னும் காட்சிநாடகத்தை மேடையேற்றியவரும் இவரே. பலரை ஒருங்கே மேடையில் அசையச் செய்யும் வித்தை கைவந்தவர் என்பதற்கு அது சான்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938இல், ஒலிபரப்பு ஆணைக்குழுவின் ஒலிவாங்கி முன் அவர் சென்றமர்ந்தபோது, அவ்வித்தைக்கு வேண்டிய முதற்கருவியாகிய பார்வையை வாயிலிலே விட்டுச் செல்ல வேண்டியதாயிற்று. 1939இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்து, ‘அசைவின் வழி இசை’ என்னும் பொருள்படும் தலைப்பில் அப்பாடங்களை நாடளாவிய முறையில் நடத்தினார்.

இனி அவர் கற்றுவந்த முறை யாதென்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்; அன்றேல் வானொலி அதனை என்ன செய்தது என்பது விளங்காது.

எமில் ஜாக் டால்குரோஸ் 1865இல் வியன்னாவிற் பிறந்து 1950இல் ஜெனீவாவில் மறைந்தவர். ஜெனீவா இசைக் கல்லூரியில் 1892 முதல் சுரச்சேர்க்கை இலக்கணம் கற்பித்தார். தம் மாணவர்களிடம் அவர் ஒரு விந்தையைக் கண்டார். அவர்கள் கடினமான உருப்படிகளை வாத்தியத்தில் வாசித்தனர். இலக்கண வினாக்களுக்குப் பிழையின்றி விடை எழுதினர். ஆனால் எளியதொரு காலப்பிரமாணத்தைச் சீராகக் காத்து நிற்க அவர்களாற் கூடவில்லை. விரல் கற்றிருந்தது, மூளை கற்றிருந்தது, இரண்டுக்கும் நடுவிலுள்ள மனிதன் கற்கவில்லை. நடக்கும்போது தடுமாறாத அதே மாணவன் வாசிக்கும்போது தடுமாறுவானேன் என்று எண்ணிய அவர், நடையிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். ஓரக்கர அளவுக்கு ஒரு நடை, அரையக்கரத்திற்கு ஓட்டம், நீண்ட சுரத்திற்கு ஓரடி வைத்து, உடலின் நிறையை மெல்ல மாற்றி நிற்றல். ஒரு குறிப்பொலி கேட்டவுடன் நடையை நிறுத்தல் அல்லது திசை மாற்றல் என்னும் பயிற்சி ஒன்று. பியானோவில் ஓர் ஆவர்த்தம் ஒலிக்கையில், அதற்கு முந்திய ஆவர்த்தத்தைக் காலால் நடந்துகொண்டே, ஒலிப்பதனைக் காதில் வாங்கி வைத்துக்கொள்ளும் பயிற்சி மற்றொன்று. பின்னதைச் செய்து பார்த்தவரே அதன் கடுமையை அறிவர். எங்கள் பாடசாலை மண்டபத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவரோடு நானும் சேர்ந்து ஒருமுறை முயன்றேன். மூன்றாம் ஆவர்த்தத்திலேயே தோற்றேன். மாணவர் நெடுநாள் அதனை மறக்கவில்லை.

இம்முறைக்கு மூன்று கிளைகள் உண்டு: உடலசைவு, சுரப்பயிற்சி, கற்பனை வாசிப்பு. இம்மூன்றனுள் இறுதியிற் கூறியதையே விமரிசகர் பெரிதும் மறந்துவிடுகின்றனர். டால்குரோஸ் வகுப்பின் ஆசிரியர், அச்சிட்ட இசைத்தாளைப் பார்த்து வாசிப்பவரல்லர். அவர் பியானோவின் முன்னிருந்து பிள்ளைகளைப் பார்க்கின்றார். அவர்களுடைய அடியைக் கேட்டு அதற்கேற்ப அப்பொழுதே வாசிக்கின்றார். மூன்று வயதுப் பிள்ளையின் நடை பெரியவர் நடையினும் விரைவுடையது. நல்லாசிரியர் முதலில் அந்நடைக்கு வாசிப்பார். பிள்ளை இசையோடு ஒன்றியபின்னரே சிறிது சிறிதாகத் தம் காலத்துக்கு அதனை அழைத்துச் செல்வார். ஆகவே முதலில் இசை பிள்ளையைப் பின்பற்றுகின்றது; பின்னரே பிள்ளை இசையைப் பின்பற்றுகின்றது. இந்த வரிசையே அம்முறையின் உயிர்நிலை.

வானொலி செய்த கேடு இவ்விடத்தேதான். வானொலியில் இசை பிள்ளையைப் பின்பற்ற இயலாது. நிலையத்தில் வாசிக்கப்படும் காலம் எதுவோ அதுவே ஆயிரம் வகுப்பறைகளின் காலம். தாமதமாகத் திரும்பிய பிள்ளைக்காக அது காத்து நில்லாது; குதூகலத்தினால் முந்திய பிள்ளையை நோக்கிப் புன்னகையும் செய்யாது. பிள்ளை இசைக்குக் கீழ்ப்படிகின்றது. கீழ்ப்படிதலும் ஒரு கல்விதான். ஆயினும் டால்குரோஸ் விரும்பிய கல்வி அதுவன்று. 1930களில் உலகின் வேறு சில பகுதிகளில் இளைஞர் திரளை ஒரே ஒலிக்கு ஒரே விதமாக அசையச் செய்தவர்கள் எத்தகையோர் என்பதை எண்ணும்போது, ஒரு குரலுக்கு ஒரு கண்டத்தின் சிறுவர் யாவரும் கை தூக்கும் காட்சி சற்று அச்சந்தருவதேயாகும். அம்மையாரின் உள்ளம் அத்தகையதன்று என்பது வேறு. கருவியின் இயல்பு அதற்கு இடந்தருவது என்பது வேறு.

இக்குறையைக் கண்டவர் பலர். அவர்களுக்கு வழக்கமாகக் கூறப்படும் மறுமொழி, அவுஸ்திரேலியாவின் உள்நாட்டிலே ஓராசிரியர் பாடசாலைகள் மிகுதி. அங்கே பியானோவும் இல்லை, இசையாசிரியரும் இல்லை. அப்பிள்ளைகளுக்கு வானொலி இல்லையேல் ஒன்றுமேயில்லை என்பதாகும். இது உண்மையே. ஆயினும் இம்மறுமொழி எனக்குப் போதவில்லை. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றியவரை வாழ்த்தலாம். அதனாற் கஞ்சி நல்ல சமையலாகிவிடாது. அம்மையாரின் பணி ஒரு கலையாக மதிக்கத்தக்கதாயின், இல்லாமையைச் சான்று காட்டாது அதன் சொந்தத் தகுதியினாலேயே அது நிற்கவேண்டும்.

அது நிற்கின்றது என்றே கருதுகின்றேன். காரணம் கூறுவேன்.

கண்ணுள்ள வகுப்பிலே ஒரு நோய் உண்டு. ஆசிரியர் கையைத் தூக்கினால் முப்பது கைகள் உயரும்; அவர் சாய்ந்தால் முப்பது உடல்களும் சாயும். பிள்ளைகள் இசையைக் கேட்பதில்லை, ஆசிரியரைப் பார்க்கின்றனர். காதுக்குரிய பாடம் அவர்கள் அறியாமலே கண்ணுக்குரிய பாடமாகி விடுகின்றது. இதனைத் தவிர்க்கவே டால்குரோஸ் ஆசிரியர்கள் தாம் செய்து காட்டுவதைக் கூடியவரை குறைத்துக்கொள்கின்றனர். வானொலியிலோ செய்து காட்டுதற்கு ஓர் உடலே இல்லை. ஒலி மட்டுமே உண்டு. பாயும் இசைக்கு எப்படிப் பாய்வது, ஒடுங்கும் இசைக்கு எப்படி ஒடுங்குவது என்பதைப் பிள்ளை ஒலியிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் மாணவரைக் காணாமை பெருநட்டம். மாணவர் ஆசிரியரைக் காணாமை ஒருவகை இலாபம். ஒரே திரையின் இருபக்கமும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதை இப்பணியை மதிப்பிட்டோர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த இலாபம் தானாக வருவதன்று. வகுப்பிலுள்ள ஆசிரியை, ஒலிபெருக்கியின் பக்கத்தில் நின்று தானே எல்லாவற்றையும் ஆடிக் காட்டிவிட்டால் அது அழிந்துபோகும். அவர் மேசையிலமர்ந்து பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தாலும் அழிந்துபோகும். ஆகவே பாடசாலை ஒலிபரப்பின் வெற்றி, ஒலிபரப்பாத ஒருவரின் கையிலிருந்தது. முன்கூட்டியே ஆசிரியர்க்கு அச்சிட்டனுப்பிய குறிப்புகள், தளபாடங்களை ஒதுக்கி இடஞ்செய்தல், ஒலிபரப்பு முடிந்தபின் அதே பயிற்சியைப் பிள்ளைகளின் நடைக்கேற்ப மீண்டும் செய்தல் ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததே பாடம். வானொலியிற் கேட்ட சில நிமிடங்கள் அதன் ஒரு கூறு மட்டுமே. மேலே கூறிய வரிசை, அதாவது இசை பிள்ளையைப் பின்பற்றும் வரிசை, நிலையத்தில் இழக்கப்பட்டதாயினும் வகுப்பறையில் ஒரு மேளத்தையோ கைத்தட்டலையோ கொண்டு மீட்கப்படக் கூடியதாயிருந்தது. மீட்ட ஆசிரியைகளும் இருந்திருப்பர்; மீட்காதவரும் இருந்திருப்பர்.

இத்துறையில் அம்மையார் முதல்வர் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. இங்கிலாந்தில் 1924 ஏப்பிரில் மாதத்திலேயே வோல்பட் டேவிஸ் பாடசாலைகளுக்கு வானொலியில் இசை கற்பிக்கத் தொடங்கினார். அங்கே பாடசாலை ஒலிபரப்பை உருவாக்கி வளர்த்தவர் மேரி சொமர்வில் என்னும் பெண்மணி. டால்குரோஸ் முறையிற் பயின்ற ஆன் டிறைவர் 1934இல் ‘இசையும் அசைவும்’ என்னும் தொடரைச் சிறு பிள்ளைகளுக்காகத் தொடங்கினார். எனவே கெல் அம்மையார் தொடங்கியது ஆளில்லாத காட்டிலன்று. ஆனால் தலைப்புகளை ஒப்பிடுக. ஒன்று இசையையும் அசைவையும் அருகருகே நிறுத்துகின்றது. மற்றையது அசைவை வழியாகவும் இசையை ஊராகவும் கொள்கின்றது. இவ்வேறுபாடு சொல்லளவினதன்று. பிள்ளைகளை யானையாகவும் மரமாகவும் காற்றாகவும் பாவனை செய்யச் சொல்லுதல் இவ்வகைப் பாடங்களிற் பெருவழக்கு. பாவனையிற் புகுந்த பிள்ளை மகிழ்கின்றது; ஐயமில்லை. ஆயினும் யானையாக நடக்கத் தொடங்கிய பிள்ளை, இசை நின்றபின்னும் யானையாகவே நடந்துகொண்டிருக்கும். அப்பொழுது அது கேட்பதை விட்டுவிட்டது என்பது பொருள். அசைவை வழி என்று கொண்டவர், இசை நிற்கும்போது நிற்கின்றதா என்பதையே முதலிற் பார்ப்பார். பாவனையை விரும்புபவர்களோடு எனக்கு இந்த ஒன்றிற் பிணக்குண்டு. அம்மையாரின் தலைப்பை அதற்குத் துணையாகக் கொள்கின்றேன்.

நம் இசைமரபிலே தாளத்தைக் கையிற் கொண்டே பாடுகின்றோம். மேலைநாட்டார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்டதை நாம் முன்னரே கண்டோம் என்று மார்தட்டுவோரும் நம்மிடையே உண்டு. ஆனால் சரளி வரிசை பாடும் மாணவியின் கையைச் சற்று உற்று நோக்குக. கை ஒரு பக்கம் தட்டுகின்றது, பாட்டு ஒரு பக்கம் போகின்றது. புள்ளிக்காகத் தட்டும் கைக்கும் தொண்டைக்கும் இடையில் உறவே இல்லாத வகுப்புகளை நான் கண்டிருக்கின்றேன். மரபிலிருப்பதும் மாணவரிடமிருப்பதும் ஒன்றல்ல.

இவ்விடத்தில் ஒரு சொந்த நினைவு குறுக்கிடுகின்றது, வாசகர் பொறுத்தருள்க. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னிற் பாட்டுக் கேட்டோம். சுற்றும் முறை என்னுடையதானால் அண்ணாவுக்குப் பொறுக்காது; கை சோர்ந்தால் ஒலிநாடாவிற் பாடுபவரும் சோர்ந்துவிடுவார்; வேகமாய்ச் சுற்றியதும் மீண்டும் நிமிர்வார். ஒரு கீர்த்தனையின் காலப்பிரமாணத்தைக் கெடாது காப்பது எத்துணைக் கடினம் என்பதை நான் எந்தச் சங்கீத வகுப்பிலும் கற்கவில்லை. அந்த மிதியிலே கற்றேன். இசை என் உடலைப் பின்பற்றியது. டால்குரோஸ் பற்றிப் பின்னாளில் வாசித்தபோது எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. வானொலிப் பெட்டியின் முன் நின்ற அவுஸ்திரேலியப் பிள்ளைக்குக் கிடையாதிருந்த ஒன்று, வேறெதுவும் இல்லாதிருந்த எமக்குத் தற்செயலாகக் கிடைத்தது என்பதை எண்ணுகையில் வியப்பே மிகுகின்றது.

இனி, அம்மையாரின் குறையைத் தீர்த்தது எது என்னும் வினாவுக்கு மீள்வோம். 1923இல் நாடு திரும்பியதற்கும் 1938இல் ஒலிவாங்கி முன் அமர்ந்ததற்கும் இடையிற் பதினைந்து ஆண்டுகள் உள்ளன. அப்பதினைந்து ஆண்டும் பிள்ளைகளை நேரிற் கண்டு கற்பித்த ஆண்டுகள். நான்கு வயதுப் பிள்ளை ஒரு கட்டளையைக் கேட்டபின் அசையத் தொடங்குவதற்கு எத்துணைப் பொழுது செல்லும், எவ்விடத்திற் சிரிக்கும், எந்தச் சொல்லுக்குக் குழம்பும் என்பதெல்லாம் அவருடைய நினைவில் இருந்திருக்கும். நிலையத்தின் சுவரைப் பார்த்துப் பேசியபோது அவர் பேசியது அந்த நினைவிலிருந்த பிள்ளைகளோடேயாம். வானொலியாசிரியரின் கலை பெரும்பாலும் இடைவெளியின் கலை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் எத்துணை நொடி மௌனமாக இருப்பது என்பதை எந்தக் குறிப்பேடும் கற்பிக்காது. கூடினால் வகுப்பிற் கூச்சல் எழும். குறைந்தால் பிள்ளைகள் பின்தங்குவர். வகுப்பில் உழைக்காது நேரே ஒலிவாங்கிக்குச் செல்வோர் இனிய குரலுடையோராயினும் இவ்விடத்தில் இடறுவர். அண்மைக்காலத்திற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்ட 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கைப்பேசியை நோக்கிப் பாடம் நடத்திய நம்மவர் யாவரும் இதனை உணர்ந்திருப்பர். என் மாணவர் எல்லாரும் படத்தை அணைத்துவிட்டு வெறும் பெயராக இருந்த அந்நாட்களில், நான் பழகிய முகங்களுக்கே பாடஞ்சொன்னேன். அவ்வாண்டு புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் சொன்னது ஒன்றும் சென்று சேரவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது.

போர்க்காலம் இப்பணிக்கு வேறொரு பொருளைத் தந்தது. 1942இன் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் வட, மேற்குக் கரைகளைப் படையெடுப்பு அச்சம் சூழ்ந்தபோது, பேர்த் நகரிற் பாலர் பாடசாலைகள் மூடப்பட்டன. வீட்டிலிருந்த பிள்ளைகளுக்காக ‘வானொலிப் பாலர் வகுப்பு’ அவ்வாண்டு அங்கே தொடங்கியது. மாகறற் கிறேயம் என்னும் ஆசிரியை அதனை நடத்தினார். அடுத்த ஆண்டு அது நாடெங்கும் பரவியது. அது கெல் அம்மையாரின் தொடரன்று. ஆயினும் சிறு பிள்ளைகள் ஒரு பெட்டியின் சொற்கேட்டு எழுந்து ஆடுவர் என்பது அதற்கு முன்பே அந்நாட்டிற் காட்டப்பட்டிருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

இத்துணைப் பணி செய்தவரின் பெயர், இசைக்கல்வி வரலாற்று நூல்களில் டால்குரோசின் பெயருக்குக் கீழே ஒரு வரியாகவேனும் வருவது அரிது. காரணங்கள் இரண்டு. ஒலிபரப்பு காற்றோடு போவது. அக்காலத்துப் பாடங்கள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பப்பட்டவை. மற்றையது இன்னும் கசப்பானது. முறையைக் கண்டுபிடித்தவரை மேதை என்போம்; அதனை ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தச் செய்தவரைப் ‘பாலர் வகுப்பு அக்கா’ என்போம். பின்னதே அரிய செயல் என்பதை ஒரு தரமேனும் பாலர் வகுப்பில் நாற்பது நிமிடம் நின்ற எந்தப் பட்டதாரி ஆசிரியரும் ஒப்புவர். 1977இல் அம்மையாருக்குப் பிரித்தானியப் பேரரசின் எம். பீ. ஈ. விருது கிட்டியது. அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

1949இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘இசை, அசைவு, இளம்பிள்ளை’ என்னும் பொருளது. வானொலித் தலைப்பில் இல்லாத மூன்றாம் சொல் ஒன்று நூலின் தலைப்பிற் புகுந்திருப்பதைக் காண்க. பத்தாண்டுக் காலம் காணாதிருந்த பிள்ளைக்கு அங்கே இடங்கொடுத்துவிட்டார். நூலில் அவர் ஆசிரியையோடு பேசுகின்றார். வானொலியிற் பிள்ளையோடு பேசினார். மேலே நான் குறிப்பிட்ட நட்டத்தை ஈடுசெய்யவேண்டியவர் வகுப்பிலுள்ள ஆசிரியையே என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1988இல் மறையும்வரை டால்குரோஸ் முறையை அவர் கைவிடவில்லை. ஆயினும், ஒரு பாடம் முடிந்து சிவப்பு விளக்கு அணைந்தபின், தாம் இட்ட மௌனங்களின் நீளம் சரியாக இருந்ததா என்பதை அவர்க்குச் சொல்ல அந்த அறையில் ஒரு பிள்ளையும் இருந்ததில்லை.